மருதாயியும் நாற்பது கூடும்

எனக்குப் பறவைகள் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை சைக்கிள் கடைக்காரனுக்கு, அதுவும் கொக்குகள் கூடு கட்டிய புளியமரத்துக்குக் கீழே கடை வைத்திருப்பவனுக்கு, எப்படிப் பிடிக்கும்? காலையில் ஆறு சைக்கிளையும் துடைத்து வரிசையாக நிறுத்துவேன். ஒன்பது மணிக்குள் ஆறு சீட்டிலும் சுண்ணாம்பு அடித்தது போல் எச்சம் கிடக்கும். ஒருமுறை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து திருமயம் வரைக்கும் போய்விட்டார். அங்கே ஆபீஸில் நாலு பேர் சிரித்த பிறகுதான் வேட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாராம். அதோடு அவர் என் கடைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அதனால் மருதாயியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் நீங்கள் தாராளமாக நம்பலாம். வருஷக்கணக்கில் அவளோடு மல்லுக்கு நின்றவன் நான்.

மருதாயி எங்கள் ஊருக்கு வந்தது நாற்பத்தெட்டில், புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். பிறந்தது வல்லத்திராக்கோட்டை. அவள் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போய் இரண்டு கடிதம் போட்டான். மூன்றாவது கடிதத்தை வேறு யாரோ எழுதியிருந்தார்கள், அவன் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று. "சரி, அவகிட்டயாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பது வயசு இருக்கலாம். எங்கள் ஊரில் முருகப்பச் செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

முருகப்பச் செட்டியார் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். செட்டியாருக்கு மெட்ராஸில் வியாபாரம், குடும்பமும் அங்கேதான். இங்கே வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் அத்தனை அறைகளும் பூட்டிக் கிடக்கும். கூட்டுவது, சாயங்காலம் விளக்கு வைப்பது, வாரம் ஓர் அறையாகத் திறந்து காற்றாட விடுவது, இதுதான் மருதாயியின் வேலை. சாவிகள் முப்பத்துநாலு. எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று ஒன்றிலும் குறிப்புக் கிடையாது. அது அவள் விரலுக்குத்தான் தெரியும். அவள் இருந்தது வீட்டின் பின்கட்டு, கொல்லையைப் பார்த்த ஒரு சின்ன அறை. கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் சந்து, சந்தில் என் கடை. மரம் கொல்லைக்குள் நின்றாலும் பாதிக் கிளை என் கடைக்கு மேல்தான். அந்த நிழலுக்காகத்தான் நான் அங்கே கடை போட்டேன்.

கொக்குகள் அதுவரைக்கும் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள்தான் கூடு கட்டும். தண்ணீருக்கு நடுவே நின்ற கருவேல மரங்கள் அவற்றுக்கு வசதி. பூனை வராது, பாம்பு வராது, பையன்கள் வர முடியாது. ஐம்பத்துநாலில் அந்த மரங்களை ஏலம் விட்டார்கள். எடுத்தவர் விறகுக்கு வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அடுத்த ஐப்பசியில் மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் கொக்குகள் வந்துவிட்டன. மரத்தைக் காணோம். இரண்டு நாள் அந்தத் தண்ணீருக்கு மேலேயே சுற்றின. ஊரே கரையில் நின்று பார்த்தது. நான்கூடப் பாவம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு மூன்றாம் நாள் போய்விட்டது.

மூன்றாம் நாளிலிருந்து ஊருக்குள் இடம் பார்க்க ஆரம்பித்தன. பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்களே, அந்த மாதிரிதான். கோயில் அரசமரத்தில் இறங்கின. அங்கே குரங்கு. பள்ளிக்கூடத்து ஆலமரத்தில் இறங்கின. மணி அடித்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஒன்றுகூட மிச்சமில்லை. ரோட்டோரப் புளியமரங்களில் லாரிப் புகை. கடைசியில் ஒரே ஒரு வக்கா வந்து செட்டியார் வீட்டுப் புளியமரத்தில் உட்கார்ந்தது. வக்கா என்பது சாம்பல் நிறக் கொக்கு, பகலெல்லாம் தூங்கி இருட்டில் மேயும். அது ஒரு நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய் என்ன சொல்லிற்றோ, மறுநாள் காலையில் சுள்ளியும் கையுமாக மொத்தக் கூட்டமும் வந்து சேர்ந்தது.

"இத்தனை மரம் இருக்க இதுதானா கெடச்சுது?" என்று சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கேட்டேன்.

"ஆள் பொழங்காத வீடு. அடுப்புப் பொகை இல்ல. பூனையை நான் அண்ட விடுறதில்ல. பத்து எட்டுல ஊரணி" என்றாள் மருதாயி. "புள்ள பெக்க வந்தவளுக்கு வேற என்னண்ணே வேணும்?"

"எனக்கு நெழலு மட்டும் போதும். எச்சம் வேணாம்."

"அதை அதுககிட்ட சொல்லிப் பாருங்க."

அவள் நிஜமாகவே அவற்றைப் பிரசவத்துக்கு வந்த பெண்களாகத்தான் நடத்தினாள். முதல் கூட்டில் முட்டை தெரிந்த அன்று மரத்தடியில் மஞ்சள், குங்குமம் வைத்துப் பொங்கலும் இட்டாள். கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் போதும், கண்டாங்கிச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, குஞ்சை மடியில் முடிந்துகொண்டு, விறுவிறுவென்று மேலே ஏறிவிடுவாள். எந்தக் குஞ்சு எந்தக் கூடு என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், "பசியா இருக்கிற கூட்டுல வச்சா அது அங்க சேந்துக்கும்" என்பாள். எச்சம் கலந்த மண்ணை அள்ளிக் கத்தரிக்குப் போட்டாள். அந்தக் கத்தரிக்காய் காய்த்த காய்ப்பைக் கண்டு ஊர்ப் பெண்களெல்லாம் கூடை எடுத்துக்கொண்டு மண் கேட்டு வந்தார்கள். எனக்கும் வாரம் ஒரு கூறு கத்தரிக்காய் சுவருக்கு மேலாக வரும். சைக்கிள் சீட்டுக்கு அபராதமாம். காய் ருசியாக இருந்தது, அதனால் வாங்கிக்கொண்டேன். சண்டையை மட்டும் விடவில்லை.

இப்படியே ஐந்து பருவம் போயிற்று. அறுபதாம் வருஷம் தை மாதம் செட்டியாரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

நகரத்தார் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியூரில் எத்தனை பங்களா இருந்தாலும் கல்யாணம் நடப்பது சொந்த ஊரில், முன்னோர் கட்டிய வீட்டில்தான். மார்கழிக் கடைசியில் செட்டியாரும் அவர் மனைவி சீதை ஆச்சியும் காரில் வந்து இறங்கினார்கள். வெள்ளையடிப்பு, பந்தல், பாத்திரம் துலக்குவது என்று வீடு அமளிப்பட்டது. தலைமைச் சமையல்காரர் பிச்சை கொல்லைக்கு வந்து பார்த்தார். கல்யாணச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு போடுவார்கள், தரையில் நீளமாகப் பள்ளம் வெட்டி வரிசையாக அண்டா ஏற்றுகிற அடுப்பு. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக அந்த அடுப்புக்கு இடம் புளியமரத்தடிதான். பிச்சை அண்ணாந்து பார்த்தார். நாற்பது கூடு. நாற்பதிலும் குஞ்சு.

"மொதலாளி, இதுக்குக் கீழ நான் எப்படிப் பாயசம் வைக்கிறது?" என்றார்.

செட்டியார் நல்லவர்தான். ஆனால் மகள் கல்யாணம் என்றால் எந்த அப்பனுக்கும் மூக்குக்கு மேல் கோபம் நிற்கும். மருதாயியைக் கூப்பிட்டார். நான் பந்தலுக்குச் சாமான் ஏற்றிவந்த சைக்கிளைத் திருப்பி வாங்கப் போய் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"நாளைக்கு மரத்தை வெட்ட ஆள் வருது. கீழ கெடக்கிறதை ஒதுக்கி வையி."

"குஞ்சு பொரிச்சிருக்குங்க" என்றாள் மருதாயி. "மாசிக் கடைசியில எல்லாம் பறந்துரும்ங்க."

"கல்யாணம் தையிலயா, மாசிக் கடைசியிலயா?"

"தையிலங்க."

"அப்புறம் என்ன?"

மருதாயி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவர் எதிரே தரையில் வைத்தாள். "மரத்தை வெட்டுறதா இருந்தா நான் இங்க இருக்க மாட்டேங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

செட்டியாருக்கு முகம் சிவந்துவிட்டது. சீதை ஆச்சிதான் அவர் காதோடு ஏதோ சொன்னார். வெள்ளிப் பாத்திரம் ஓர் அறையில், ரத்தினக் கம்பளம் ஓர் அறையில், சமையல் அண்டா ஓர் அறையில். சாவி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். செட்டியார் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "கல்யாணம் வரைக்கும் இரு. முடிஞ்சு நாங்க கெளம்புற அன்னைக்குச் சாவியைக் குடுத்துட்டுப் போயிரு" என்றார். மரம் வெட்டுகிற பேச்சில் மாற்றமில்லை.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அழுது கேட்டேன்.

"எங்க போவே மருதாயி?"

"ஊருல அண்ணன் மகன் இருக்கான்."

"சேத்துக்குவானா?"

எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், மரம் போனால் நிழலும் போய்விடுமே, வெயிலில் டியூபெல்லாம் வெடிக்குமே என்ற வருத்தம்தான் இன்னும் பெரிது. அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. கொக்கு போக வேண்டும், மரம் நிற்க வேண்டும். அதற்கு வழி வேட்டு.

எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்கு வேட்டுப் போடுகிற இன்னாசி என் மச்சினன். இரும்புக் குழாயில் வெடிமருந்தைக் கெட்டித்து அவன் ஒன்று போட்டால் மூன்று மைலுக்குக் கேட்கும். நேரே செட்டியாரிடம் போய், மரத்தை வெட்ட வேண்டாம், மூன்று வேட்டில் மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிடலாம் என்றேன். அவரும் செய் பார்க்கலாம் என்றார். மருதாயியின் காதுக்கு விஷயம் போனதும் சுவரருகே ஓடி வந்தாள்.

"வேணாம்ணே. பயந்தா அதுக என்ன பண்ணும்னு ஒங்களுக்குத் தெரியாது."

"பறந்து போகும். வேறென்ன பண்ணும்?"

"குஞ்சு எப்படிண்ணே பறக்கும்? அதுக பயந்தா..."

"எனக்குப் பாடம் எடுக்காத மருதாயி. ஒன் வேலைக்காகவும்தான் இதைச் செய்யுறேன்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். கேட்டிருக்கலாம்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள். வேலையாட்களின் பலகாரத்துக்காகப் பிச்சை இட்டிலி மாவு அண்டாவை மரத்தடியில் திறந்து வைத்துக் கலக்கிக்கொண்டிருந்தார். செட்டியார் சலவை வேட்டி, துண்டோடு வேடிக்கை பார்க்க வந்து நின்றார். இன்னாசி முதல் வேட்டைப் போட்டான். பெரிய கொக்குகள் அத்தனையும் குபீரென்று எழும்பின. நான் பெருமையாகச் செட்டியாரைப் பார்த்தேன். இரண்டாவது வேட்டு. மூன்றாவது வேட்டு.

கொக்குக் குஞ்சு பயந்தால் வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடும். இதைத்தான் மருதாயி சொல்ல வந்திருக்கிறாள். நாற்பது கூட்டிலிருந்தும் ஒரே சமயத்தில் மீன் கொட்டியது. கெண்டை, குறவை, அரைகுறையாகச் செரித்த தவளை, எல்லாம் மழையாக விழுந்தன. பந்தலில் விழுந்தது, துலக்கி அடுக்கிய பித்தளையில் விழுந்தது. இரண்டு கெண்டை நேராக இட்டிலி மாவுக்குள் போயின. செட்டியாரின் தோளில் ஒன்று உட்கார்ந்துகொண்டது. அசைவம் வாசலே மிதிக்காத கல்யாண வீடு அது. பிச்சை கரண்டியைக் கீழே வைத்தார்.

"மீன் விழுந்த எடத்துல நான் அடுப்பு மூட்ட மாட்டேன் மொதலாளி. மரம் இருந்தாலும் சரி, போனாலும் சரி."

செட்டியார் என் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் வீட்டின் முன்கட்டிலிருந்து "அண்ணே, அண்ணே" என்று ஒரு ஓலம் கேட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செட்டியாருக்கு ஆதப்பன் என்று ஒரே தம்பி. பக்கத்துப் பாதி வீடு அவருடையது, ஊரோடேயே இருக்கிறார். பாகம் பிரித்தபோது கொல்லையில் சுவர் எடுத்ததில் அரை முழ மண்ணுக்காகத் தகராறு. ஒன்பது வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. கல்யாண அழைப்பே ஆள் மூலமாகத்தான் போயிருந்தது. அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மேளத்தோடு வேட்டுக் கேட்டால் கல்யாணம். மேளம் இல்லாமல் விடிகாலையில் மூன்று வேட்டு மட்டும் கேட்டால், அந்த வீட்டில் வயசான யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் விடிகாலை வேட்டுக் கேட்டே பழகிய எனக்கு அது தோன்றவில்லை. மெட்ராஸிலேயே இருந்து செட்டியாருக்கும் மறந்துவிட்டது.

ஆதப்பச் செட்டியார் மேலுக்குச் சட்டைகூட இல்லாமல், வாயில் பல்பொடியோடு, அழுதுகொண்டே வீட்டின் அத்தனை கட்டுகளையும் தாண்டிக் கொல்லைக்கு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பாதி ஊர். ஒருவர் கையில் மாலை, ஒருவர் கையில் கோடித்துணி. வெட்டியான் பாடைக்கு மூங்கிலே கொண்டு வந்துவிட்டான். அண்ணன் தோளில் கெண்டை மீனோடு நிற்பதைப் பார்த்து ஆதப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கீங்களா?" என்றார்.

"எனக்கென்ன?" என்றார் அண்ணன்.

"வேட்டுச் சத்தம் கேட்டுச்சு."

முருகப்பச் செட்டியாருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மாலையைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், தம்பியின் கன்னத்தைப் பார்த்தார்.

"எனக்காகவா அழுதுக்கிட்டு வந்தே?"

"பின்னே யாருக்காக?" என்று சொல்லிவிட்டு ஆதப்பன் மறுபடியும் அழ ஆரம்பித்தார். முதலில் சிரித்தது சீதை ஆச்சிதான். அப்புறம் கொல்லையே சிரித்தது. ஆதப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணன் தோளிலிருந்த மீனை எடுத்துக் கீழே போட்டார். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவர் அண்ணனைத் தொட்டது அப்போதுதான்.

மற்றதெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. "எங்க கொல்லை சும்மாத்தானே கெடக்கு, அடுப்பை அங்கிட்டுப் போட்டுக்கங்க" என்றார் ஆதப்பன். அண்டா தூக்கிப் போக வேண்டுமே, அதற்காக அந்தச் சண்டைச் சுவரில் இரண்டு ஆள் போகிற அளவுக்கு இடித்தார்கள். கோடாலியோடு வந்து நின்ற மரம் வெட்டிகளைப் பார்த்துச் சீதை ஆச்சி, "வந்தது வந்தீங்க, அந்தா வெறகு கெடக்கு, பொளந்து குடுங்க" என்று அனுப்பிவிட்டார். மரம் தப்பியது.

பெரிய கொக்குகள் அரை மணியில் திரும்பி வந்துவிட்டன. ஆனால் மூன்று குஞ்சுகள் கீழே விழுந்திருந்தன. மருதாயி இரண்டை மடியில் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக் கூட்டம் அத்தனையும் அண்ணாந்து பார்க்க, உச்சிக் கிளை வரைக்கும் ஏறி வைத்துவிட்டு இறங்கினாள். மூன்றாவது பிழைக்கவில்லை. அதைக் கத்தரிச் செடிக்கு அருகே புதைத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் செய்தது எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் சுவரருகே போய், "தப்புதான் மருதாயி" என்றேன். "நான் சொல்லும்போது கேட்டிருக்கணும்ணே" என்றாள். அவ்வளவுதான்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தம்பி முன்னால் நின்று பரிமாறினார். எல்லாருக்கும் சந்தோஷம், மருதாயி ஒருத்தியைத் தவிர. மரத்தை வெட்டவில்லையே தவிர, போகச் சொன்னதைச் செட்டியார் திருப்பி வாங்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நான் போய்ச் சொல்லட்டுமா என்றேன். "நீங்க வேட்டுப் போட்டதே போதும்ணே" என்று கும்பிட்டாள்.

அவர்கள் கிளம்புகிற அன்று காலையில் அவள் தகரப்பெட்டியைக் கட்டி அறை வாசலில் வைத்திருந்தாள். கார் புறப்படத் தயாரானதும் சாவிக்கொத்தைக் கொண்டுபோய்ச் செட்டியார் முன்னால் நீட்டினாள்.

"முப்பத்துநாலுங்க. எண்ணிப் பாத்துக்கங்க."

செட்டியார் சாவியைப் பார்த்தார். வாங்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தார். சீதை ஆச்சி முழங்கையால் அவரை ஒரு இடி இடித்ததை நான் பார்த்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினார்.

"குஞ்சு எல்லாம் பறந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"அதை அப்படியே விட்டுட்டா போவே? எல்லாம் பறந்தப்புறம் போ."

"சரிங்க" என்றாள் மருதாயி. கார் திருமயம் ரோட்டில் திரும்பி மறைந்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நடுவே சிரித்தாள். பெட்டியை நான்தான் அறைக்குள் தூக்கி வைத்தேன்.

அந்த மாசியில் குஞ்சுகள் பறந்தன. ஒன்றே ஒன்று பங்குனி பாதி வரைக்கும் கிளையிலேயே உட்கார்ந்திருந்தது, மருதாயி அதற்கு ஊரணியிலிருந்து மீன் பிடித்துப் போட்டாள் என்று எனக்குச் சந்தேகம். ஐப்பசியில் மறுபடி வந்துவிட்டன. அடுத்த வருஷமும் வந்தன, அதற்கடுத்த வருஷமும் வந்தன. செட்டியார் வரும்போதெல்லாம் காரை விட்டு இறங்கியதும் கேட்பார், "என்ன மருதாயி, எல்லாம் பறந்துருச்சா?" என்று. கொக்கே இல்லாத சித்திரை மாதத்து வெயிலில், ஒரு சுள்ளிகூட மிச்சமில்லாத மரத்தடியில் நின்றுகொண்டு, மருதாயி சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடி சொல்லுவாள்:

"ஒண்ணு பாக்கி இருக்குங்க."